விஎம் வட்டு நிரலில் த்ரெட் மோதல்: அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் கியூஎமு மென்பொருளின் வட்டு அடுக்கில் த்ரெட் மோதல் (த்ரெட்கள் ஒன்றின் வேலையில் ஒன்று குறுக்கிடுவது) இருந்தால் அது சில முகங்களில்தான் வெளியே வரும். விஎம் அசையாமல் நிற்கும். அசெர்ட் அடித்து விழும். ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரம் பார்த்துச் சாகும். டேட்டா கெடும். சிலசமயம் ஏஆர்எம் போர்டில் மட்டும் தொங்கும், இன்டெல் மெஷினில் ஒன்றுமே தெரியாது. எந்த முகம் என்று சரியாகப் பார்த்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். கங்கைகொண்டான் பக்கமோ தென்காசிப் பக்கமோ உட்கார்ந்து இந்த நிரலில் கைவைப்பவர்களுக்கும், பாளையங்கோட்டையில் நாலு சர்வர் வைத்து விஎம் ஓட்டுபவர்களுக்கும் இந்தக் குறிப்பு. சி மொழியும் ஜிடிபியும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம்.

முதலில் பதிப்பைப் பாருங்கள்

2024 ஏப்ரலில் வந்த 9.0 ஒரு பெரிய கோடு. அதற்கு முன்பு ஒவ்வொரு ஏஐஓகான்டெக்ஸ்டுக்கும் (ஒரு த்ரெட் ஓட்டும் நிகழ்வுச் சுற்றுக்கும்) ஒரு லாக் இருந்தது. வட்டு நிரல் முழுக்க அதைப் பிடிப்பதும் விடுவதுமாகவே இருக்கும். 9.0இல் அந்த லாக்கையே எடுத்துவிட்டார்கள். உபுண்டு 22.04இல் இருப்பது 6.2, டெபியன் 12இல் 7.2, உபுண்டு 24.04இல் 8.2. மூன்றுமே பழைய முறை. புதிய பதிப்பில் வந்த திருத்தத்தை அப்படியே பழையதில் ஒட்டினால் கம்பைல் ஆகலாம், ஆனால் அங்கே பிடிக்க வேண்டிய லாக் ஒன்று பிடிக்கப்படாமல் போகும். கோளாறைப் பற்றி எழுதும் யாரும் முதல் வரியில் பதிப்பு எண்ணைப் போட வேண்டும். போடாத அறிவுரையை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கோளாறு வரும் முன்பே செய்துவைக்க வேண்டியவை

விஎம்மைத் தொடங்கும்போது பெயர் ஆப்ஷனில் டெபக்-த்ரெட்ஸ்=ஆன் என்று சேருங்கள். ஐஓத்ரெட்களுக்கு (வட்டு வேலைக்கென்று ஒதுக்கிய த்ரெட்களுக்கு) 0, 1 என்று எண் கொடுக்காமல் அணைகளின் பெயரை வைத்தால் ஜிடிபி பட்டியலில் கண் தேடாது: பாபநாசம், மணிமுத்தாறு. லினக்ஸில் த்ரெட் பெயருக்கு 15 எழுத்துதான் இடம். ஐஓ என்ற முன்னொட்டுக்கும் இடைவெளிக்கும் 3 போனால் மீதி 12. பாபநாசம் ஆங்கில எழுத்தில் 9, அடங்கும். பாளையங்கோட்டை 13, அடங்காது.

மெஷின் ஆப்ஷனில் டம்ப்-கெஸ்ட்-கோர்=ஆஃப் போடுங்கள். இல்லாவிட்டால் 16 ஜிபி விஎம்முக்குக் கோர் கோப்பும் 16 ஜிபி வரை வரும். அதோடு வாடிக்கையாளரின் மெமரி முழுவதும் அந்தக் கோப்புக்குள் போய்விடும். டெபக் சிம்பல் பேக்கேஜையும் முன்கூட்டியே நிறுவுங்கள். அது இல்லாத பேக்ட்ரேஸில் வெறும் கேள்விக்குறிகள்தான் இருக்கும்.

அறிகுறி 1: விஎம் அப்படியே நிற்கிறது

வண்ணார்பேட்டைக் கடையிலிருந்து போன் வரும்: "அண்ணாச்சி, பில்லே போட முடியல. சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?" பண்ணக் கூடாது. ரீஸ்டார்ட் போட்டதும் சாட்சி போய்விடும், அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. டாப் கட்டளையை மைனஸ் பெரிய ஹெச்சோடு ஓட்டி, எந்த த்ரெட் எவ்வளவு சிபியு தின்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஜிடிபியை ரூட்டாக இணைத்து த்ரெட் அப்ளை ஆல் பிடி கொடுத்து, வெளியீட்டைக் கோப்பில் சேமியுங்கள்.
3. காத்திருக்கும் கோருட்டீன்களின் (நடுவில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷன்களின்) பேக்ட்ரேஸை எடுங்கள். முறை கீழே.
4. கடைசியாக ஜிகோர் கட்டளையில் கோர் கோப்பை எடுங்கள். அதன் பிறகு ரீஸ்டார்ட்.

மூன்றாவதை நான்காவதற்கு முன் வைத்ததற்குக் காரணம் உண்டு. தூங்கும் கோருட்டீன் எந்த த்ரெட்டின் ஸ்டாக்கிலும் இருக்காது, ஆகவே இரண்டாவது படியில் அது தென்படாது. கியூஎமு மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள ஜிடிபி ஸ்கிரிப்டை ஏற்றினால் கியூஎமு கோருட்டீன் என்ற கட்டளை கிடைக்கும். எக்ஸ்86-64 மெஷினில் மட்டும் வேலை செய்யும் அந்தக் கட்டளையின் பழைய வடிவம் ரெஜிஸ்டர்களைத் தற்காலிகமாக மாற்றித்தான் ஸ்டாக்கைப் படிக்கிறது. கோர் கோப்பில் ரெஜிஸ்டரை மாற்ற முடியாது. எனவே பிராசஸ் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். முகவரிக்கு எங்கே போவது? ஒவ்வொரு பிடிஎஸ்ஸிலும் (ஒரு வட்டு அடுக்கைக் குறிக்கும் ஸ்ட்ரக்டிலும்) டிராக்ட்_ரிக்வெஸ்ட்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆஃப்செட், பைட் அளவு, வகை, கோருட்டீன் சுட்டி எல்லாம் இருக்கும். அந்தச் சுட்டியைக் கட்டளைக்குக் கொடுங்கள்.

இனி பேக்ட்ரேஸைப் படிப்பது. பெரும்பாலும் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும்.

*மெயின் த்ரெட் டிரெய்னில் காத்திருக்கிறது, ஐஓத்ரெட்கள் எல்லாம் பிபோலில் சும்மா தூங்குகின்றன.* யாரும் லாக்கில் சிக்கவில்லை. டிரெய்ன் என்பது கன்னடியன் கால்வாயில் மடையை அடைத்துவிட்டு, மடைக்குக் கீழே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் வடியும்வரை நிற்பது போன்றது. புதுக் கோரிக்கை உள்ளே வராது, உள்ளே இருப்பவை முடிந்து இன்_ஃப்ளைட் எண்ணிக்கை சுழியத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் எண்ணிக்கையையும் கோரிக்கைப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். பட்டியல் காலி, எண்ணிக்கை 1 என்றால் எங்கோ பிழைப் பாதையில் கூட்டிய எண்ணைக் கழிக்காமல் ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. பட்டியலில் கோரிக்கை இருந்தால் அந்தக் கோருட்டீனை எழுப்ப வேண்டிய ஆள் எழுப்பவில்லை. அதன் பேக்ட்ரேஸே யாருக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லிவிடும். பட்டியலும் காலி, எண்ணிக்கையும் 0, ஆனாலும் மெயின் த்ரெட் தூங்குகிறது என்றால், நிலைமை மாறியதை அதற்குச் சொல்லும் ஏஐஓ_வெயிட்_கிக் விடுபட்டிருக்கிறது.

*மெயின் த்ரெட் டிரெய்னில் இருக்கிறது, ஒரு ஐஓத்ரெட் மியூடெக்ஸ் லாக்கில் நிற்கிறது.* அந்த லாக் அனேகமாகக் கியூஎமு முழுமைக்குமான பெரிய லாக், அதாவது பிக்யூஎல். மெயின் த்ரெட் அதைப் பிடித்துக்கொண்டே கோரிக்கை முடியக் காத்திருக்கிறது. அந்தக் கோரிக்கையோ பிக்யூஎல் கிடைத்தால்தான் முடியும். ஐஓ பாதையில் பிக்யூஎல் கேட்கும் வரியை எடுத்துவிட்டு, அந்த வேலையை மெயின் த்ரெட்டுக்கு பிஹெச்சாக (நிகழ்வுச் சுற்றில் பிறகு ஓடும் சிறு கால்பேக்காக) அனுப்புவதே திருத்தம். டிரெய்னில் நிற்கும்போதும் மெயின் த்ரெட் தன் பிஹெச்களை ஓட்டிக்கொண்டுதான் இருக்கும், பிக்யூஎல்லை மட்டும் விடாது. 9.0க்கு முந்தைய நிரலில் இந்த லாக்கின் ஃபங்ஷன் பெயர் வேறு, ஐஓத்ரெட் என்ற சொல்லில் முடியும். பெயரைப் பார்த்து ஏமாந்து ஐஓத்ரெட்டின் சொந்த லாக் என்று நினைத்துவிட வேண்டாம்.

*ஒரு த்ரெட் மியூடெக்ஸில் நிற்கிறது, ஆனால் அதைப் பிடித்திருப்பவரைக் காணோம்.* ஜிடிபியில் மியூடெக்ஸின் உள்ளே டேட்டா, அதற்குள் ஓனர் புலத்தை அச்சிடுங்கள். கிடைப்பது எல்டபிள்யூபி எண், அதாவது லினக்ஸ் அந்த த்ரெட்டுக்குக் கொடுத்த எண். இன்ஃபோ த்ரெட்ஸில் அதே எண்ணைத் தேடுங்கள். அந்த த்ரெட் பிபோலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தால் இரண்டே காரணம். ஒன்று, நடுவில் ரிட்டர்ன் ஆன பாதையில் லாக்கை விட மறந்தது. மற்றது, லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே கோருட்டீன் யீல்டு செய்தது (நடுவில் நின்று வழிவிட்டது). பின்னதுதான் மோசம். அந்தக் கோருட்டீன் வேறொரு த்ரெட்டில் விழித்தால், ஒரு த்ரெட் பிடித்த லாக்கை இன்னொரு த்ரெட் விடும். பித்ரெட் மியூடெக்ஸில் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. யீல்டு நடக்கக்கூடிய இடத்தைக் காக்க கோமியூடெக்ஸ், அதாவது கோருட்டீன்களுக்கான லாக். யீல்டே நடக்காத நாலு வரிக்கு சாதா மியூடெக்ஸ். கியூஎமு_லாக்_கார்டு மேக்ரோ முதல் காரணத்தைத் தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது. சொல்லப்போனால், அடைப்புக்குறி முடியும்வரை லாக் பிடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மெயின் த்ரெட் தூங்காமல் 100 சதவீதம் சிபியு தின்றால், காத்திருக்கும் சுற்றில் ஏதோ நிகழ்வு விடாமல் வந்துகொண்டிருக்கிறது, நிபந்தனை மட்டும் மெய்யாகவில்லை. தன்னையே திரும்பத் திரும்ப அட்டவணையிடும் பிஹெச் ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள்.

9.0க்கு முந்தைய பதிப்பில் இன்னொரு பொறி உண்டு. காத்திருக்கும் மேக்ரோ ஏஐஓகான்டெக்ஸ்ட் லாக்கை ஒரு முறைதான் விடும். அழைத்தவர் ஒரு முறை, அவரை அழைத்தவர் ஒரு முறை என்று இரண்டு பிடி விழுந்திருந்தால் ஐஓத்ரெட்டுக்கு லாக் கிடைக்கவே கிடைக்காது.

அறிகுறி 2: அபார்ட் ஆகி விழுகிறது

இந்த அறிகுறி வந்தால் சந்தோஷப்படலாம், கோளாறு தானாகவே இடத்தைக் காட்டுகிறது. அசெர்ட்டை எடுத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று பேட்ச் அனுப்புவது மட்டும் வேண்டாம்.

மெயின் த்ரெட்டில்தான் இருக்கிறோமா என்ற அசெர்ட் விழுந்தால், குளோபல்_ஸ்டேட்_கோட் என்று குறியிட்ட ஃபங்ஷனை ஐஓத்ரெட்டிலிருந்து அழைத்திருக்கிறீர்கள். கிராஃபை (பிடிஎஸ்கள் ஒன்றோடொன்று இணைந்த வலையை) மாற்றுவது, பிடிஎஸ்ஸின் ரெஃப் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பது, திறப்பது, மூடுவது எல்லாம் மெயின் த்ரெட்டின் வேலை. ஐஓ_கோட் என்ற குறி இருந்தால் எந்த த்ரெட்டிலும் ஓடலாம். இரண்டு குறியும் இல்லாத பழைய ஃபங்ஷனைக் கண்டால், அதை யார் யார் அழைக்கிறார்கள் என்று பார்த்து முதலில் குறியை இடுங்கள்.

"கோ-ருட்டீன் ரீ-என்டர்டு ரிகர்சிவ்லி" என்ற செய்தி வந்தால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கோருட்டீனுக்குள் மறுபடி நுழையப் பார்த்திருக்கிறது. பெரும்பாலும் வேறொரு த்ரெட்டிலிருந்து நேரடியாக கோருட்டீன்_என்டர் அழைத்திருப்பார்கள். அந்த இடத்தில் ஏஐஓ_கோ_வேக் போட்டால், கோருட்டீனின் சொந்த த்ரெட்டில் அது யீல்டு ஆன பிறகே நுழைவு நடக்கும்.

"கோ-ருட்டீன் வாஸ் ஆல்ரெடி ஷெட்யூல்டு" என்றால் எழுப்புபவர் இருவர். டைமர் ஒருவர், நெட்வொர்க்கில் பதில் வந்ததைச் சொல்லும் ஹேண்ட்லர் மற்றொருவர். இருவரும் ஒரே நேரத்தில் சுட்டி நல் இல்லை என்று பார்த்து, இருவரும் எழுப்புகிறார்கள். பார்ப்பதையும் எடுப்பதையும் ஒரே செயலாக்க வேண்டும்: அணு (அட்டாமிக், இடையில் யாரும் புக முடியாத) எக்ஸ்சேஞ்சில் சுட்டியை எடுத்து அந்த இடத்தில் நல் வையுங்கள், கையில் சுட்டி கிடைத்தவர் மட்டும் எழுப்பட்டும். இதற்கு லாக் தேவையில்லை. இங்கே லாக் போட்டுத் தீர்த்தவர்களின் நிரல் பிறகு அறிகுறி 1க்கு வந்து சேர்வது வழக்கம்.

அறிகுறி 3: ஸ்னாப்ஷாட், மிரர், ஹாட்-அன்பிளக் நேரத்தில் மட்டும் கிராஷ்

ஸ்னாப்ஷாட், மிரர் (ஓடும் வட்டை இன்னொரு இடத்துக்குப் பிரதியெடுப்பது), ஹாட்-அன்பிளக் (ஓடும்போதே வட்டைக் கழற்றுவது) எல்லாமே வட்டு கிராஃபை மாற்றும். அது மாறும் நொடியில் ஐஓத்ரெட் அதே கிராஃபில் நடந்துகொண்டிருக்கிறது. பேக்ட்ரேஸில் குப்பைச் சுட்டி இருக்கும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். முதலில் மலிவான சோதனை: மாலாக்_பெர்டர்ப்_ என்ற சூழல் மாறிக்கு 1 முதல் 255க்குள் ஏதாவது எண் கொடுத்து ஓட்டுங்கள். விடுவித்த மெமரியில் அந்த எண்ணைச் சார்ந்த பைட் நிரம்பும், கிராஷ் ஒரே இடத்துக்கு வந்து நிலைக்கும். அதன் பின் ஆசான் (மெமரிப் பிழையைப் பிடிக்கும் கம்பைலர் கருவி) கட்டமைப்பில் ஓட்டினால் விடுவித்தவர் யார், தொட்டவர் யார் என இரண்டு ஸ்டாக்கும் கிடைக்கும்.

டிரைவர் எழுதுபவர்கள் அதிகம் தவறும் இடம் டிடாச்_ஏஐஓ_கான்டெக்ஸ்ட் கால்பேக். உங்கள் டிரைவர் டைமர் வைத்திருந்தால் அங்கே அழிக்க வேண்டும், எஃப்டி ஹேண்ட்லர் வைத்திருந்தால் அங்கே கழற்ற வேண்டும், அட்டாச் கால்பேக்கில் திரும்ப மாட்ட வேண்டும். மறந்தால் பழைய த்ரெட்டில் டைமர் அடிக்கும், வட்டோ புது த்ரெட்டுக்குக் குடிபோயிருக்கும். கோரிக்கை வராமலேயே தானாக வேலை தொடங்கும் டிரைவராக இருந்தால் டிரெய்ன்_பிகின், டிரெய்ன்_எண்ட் கால்பேக்குகளும் தேவை. இல்லையேல் டிரெய்ன் முடிந்தது என்று எல்லோரும் நம்பும் நேரத்தில் உங்கள் டிரைவர் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும்.

கிராஃபைப் படிக்கும் ஃபங்ஷன்களில் கிராஃப்_ஆர்டிலாக் குறி இருக்கும். லாக் பிடிக்காமல் அவற்றை அழைத்தால் கிளாங் கம்பைல் நேரத்திலேயே எச்சரிக்கும். ஜிசிசி அந்தக் குறியைக் கண்டுகொள்ளாது. ஜிசிசியில் மட்டும் கம்பைல் செய்து பேட்ச் அனுப்புபவர்களுக்கு இந்த இலவசச் சோதனை கிடைப்பதே இல்லை.

அறிகுறி 4: டேட்டா கெட்டிருக்கிறது

நிரலைத் திறக்கும் முன் வெளிக்காரணங்களை ஒதுக்குங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போய்வந்த மறுநாள் வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது கேஷ் முறை. அது அன்சேஃப் என்று இருந்தால் விஎம் கேட்கும் ஃப்ளஷ் வட்டுக்குப் போகவே போகாது, அதில் த்ரெட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடுத்து, ஒரே இமேஜை இரண்டு பிராசஸ் திறந்ததா? 2.10 பதிப்பிலிருந்து இமேஜ் லாக் இருக்கிறது, ஆனால் அதை ஆஃப் செய்து வைத்திருப்பவர்களும் உண்டு.

பிறகு விஎம்மை நிறுத்திவிட்டு கியூஎமு-இமேஜ் செக். ஓடும் விஎம்மின் இமேஜில் ஃபோர்ஸ்-ஷேர் போட்டுச் செக் ஓட்டினால் வருவது அரைகுறைச் செய்தி, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெளியேறும் எண் 0 என்றால் நலம். 2 என்றால் கெட்டிருக்கிறது. 3 என்றால் கிளஸ்டர் கசிவு மட்டும்: இடம் வீண், டேட்டா பத்திரம். 1 என்றால் செக்கே முடியவில்லை. கசிவைச் சரிசெய்ய ரிப்பேரில் லீக்ஸ் போதும். ஆல் என்று கொடுக்கும் முன் இமேஜைப் பிரதி எடுக்காமல் கைவைக்க வேண்டாம்.

எண் 2 என்றால் எவ்வளவு பகுதி கெட்டது என்பதே துப்பு. கியூகவ்2 (கியூஎமுவின் வட்டு இமேஜ் வடிவம்) இமேஜில் வழக்கமான 64 கேபி கிளஸ்டரில், டேட்டா இருக்குமிடத்தைச் சொல்லும் ஒரு எல்2 அட்டவணை 8192 உள்ளீடு, அதாவது 512 எம்பி டேட்டாவுக்கு வழி காட்டும். 512 எம்பி எல்லைக்குள் மொத்தமாகக் குழப்பம் என்றால் அட்டவணையே மாறி எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு 64 கேபி துண்டு மட்டும் கெட்டிருந்தால், ஒரே கிளஸ்டருக்கு இரண்டு எழுதும் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் இடம் ஒதுக்க முயன்றதைச் சந்தேகியுங்கள்.

நிரலில் தேட வேண்டிய வடிவம் இது: லாக்கைப் பிடித்து எல்2 உள்ளீட்டைப் படித்தல், லாக்கை விட்டு டேட்டா எழுதுதல், மறுபடி பிடித்து, முன்பு படித்த மதிப்பை அப்படியே நம்புதல். இடைவெளியில் வேறொரு கோருட்டீன் அந்த உள்ளீட்டை மாற்றியிருக்கலாம். கியூகவ்2 நிரலில் நடந்துகொண்டிருக்கும் ஒதுக்கீடுகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. மோதும் கோரிக்கை அதில் காத்திருந்து, விழித்ததும் ஈஅகெய்ன் (மறுபடி முயல்க என்ற பிழை எண்) பெற்றுத் தொடக்கத்திலிருந்து மறுபடி பார்க்கும். புதுப் பாதை எழுதும் யாரும் அந்தப் பட்டியலைத் தவிர்த்தால் இந்தக் கோளாறு நிச்சயம்.

இதை அதிர்ஷ்டத்தை நம்பாமல் வரவழைக்கலாம். 64 எம்பி கியூகவ்2 இமேஜ் ஒன்றை பிஎல்கேடிபக் (வட்டு நிரலை நினைத்த இடத்தில் நிறுத்தும் சோதனை டிரைவர்) வழியாகக் கியூஎமு-ஐஓ சோதனைக் கருவியில் திறந்து:

1. ரைட்_ஏஐஓ நிகழ்வில் ஏ என்ற பெயரில் பிரேக் வையுங்கள்.
2. ஏஐஓ_ரைட், பேட்டர்ன் 10, ஆஃப்செட் 98304, நீளம் 8192.
3. வெயிட்_பிரேக் ஏ. முதல் எழுதும் கோரிக்கை நடுவழியில் நிற்கும்.
4. ஏஐஓ_ரைட், பேட்டர்ன் 11, ஆஃப்செட் 73728, நீளம் 8192. இரண்டும் ஒரே கிளஸ்டர்.
5. ரெஸ்யூம் ஏ, பிறகு ஏஐஓ_ஃப்ளஷ்.
6. இரண்டு இடத்தையும் அதனதன் பேட்டர்னோடு படியுங்கள். 65536இலிருந்து 8192 பைட்டும், 81920இலிருந்து 16384 பைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். கடைசியில் செக்.

மூலநிரலோடு வரும் 046 எண் ஐஓடெஸ்ட் செய்வதும் இதே வகை வேலைதான். இவை அனைத்தும் ஒரே த்ரெட்டில் ஓடுகின்றன என்பதைக் கவனியுங்கள். கோருட்டீன்கள் ஒன்றோடொன்று மாறி மாறி ஓடினாலே டேட்டா கெடும் என்றால், ஐஓத்ரெட்டை நிறுத்திவிட்டுச் சோதிப்பது எதையும் நிரூபிக்காது.

அறிகுறி 5: ஏஆர்எம்மில் மட்டும் தொங்குகிறது

எக்ஸ்86 எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குக் காட்டும், ஆகவே பல பிழைகள் அங்கே ஒளிந்துகொள்ளும். டேட்டாவை எழுதிவிட்டு முடிந்தது என்ற கொடியைச் சாதாரணமாக எழுதி வைத்தால், ஏஆர்எம்மில் கொடி முதலில் தெரிந்து டேட்டா பின்னால் வரலாம். எழுதும் பக்கம் ஸ்டோர்_ரிலீஸ், படிக்கும் பக்கம் லோட்_அக்வயர், இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

அதைவிட வழுக்கலானது "நான் எழுதுகிறேன், பிறகு உன்னுடையதைப் படிக்கிறேன்" என்று இரு த்ரெட்டும் செய்வது. அங்கே ரிலீஸ், அக்வயர் போதாது. முழு மெமரி பேரியர் (எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் தடுப்பது) வேண்டும். ஏஆர்எம் சர்வர்களில் கியூஎமு-இமேஜ் கன்வெர்ட் தொங்கிய பிழை இந்த வகை. 2020இல் ஏஐஓ_நோட்டிஃபை பகுதியில் வெளிப்படையான பேரியர்களை இட்டுத் தீர்த்தார்கள். அணு கூட்டல் ஒன்று நடுவில் இருந்தால் அதுவே பேரியர் என்று நினைப்பதுதான் அங்கே இருந்த பொறி. கல்லூரி லேபில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை 4 இருந்தால் போதும், இந்த வகைப் பிழைக்கு அது விலையுயர்ந்த ஜியானைவிட நல்ல சோதனைக்கூடம்.

புள்ளிவிவர எண்கள் மட்டும் தப்பாக வருவது சின்ன விஷயம்: கவுன்டரை அணு செயலாக்குங்கள், 32 பிட் ஹோஸ்டுக்கு ஸ்டாட்64 வகையைப் பயன்படுத்துங்கள்.

திருத்தம் நின்றதா என்று பார்ப்பது

விஎம்முக்குள் எஃப்ஐஓ என்ற வட்டுச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள்: 4 கேபி ரேண்டம் ரைட், ஐஓடெப்த் 32, ஜாப் 4, வெரிஃபை சிஆர்சி32சி. ஒவ்வொரு ஜாபுக்கும் தனிப் பகுதி ஒதுக்குங்கள். ஒரே பகுதியில் நாலு ஜாபும் எழுதினால் எஃப்ஐஓவே பொய்யாகப் பிழை காட்டும், அதைத் துரத்தி ஒரு நாள் போகும். இது ஓடும்போதே வெளியிலிருந்து கியூஎம்பியில் (ஓடும் கியூஎமுவுக்குக் கட்டளை அனுப்பும் வழியில்) ஸ்னாப்ஷாட், மிரர் தொடக்கம், மிரர் ரத்து என்று சுற்று விடுங்கள். 046ஐயும் உங்கள் புதுச் சோதனையையும் இருநூறு முறையாவது திரும்ப ஓட்டுங்கள்.

அதற்குப் பிறகு டிசான், அதாவது த்ரெட் மோதலைப் பிடிக்கும் கம்பைலர் கருவி. கிளாங் வைத்து எனேபிள்-டிசான் ஆப்ஷனோடு தனி அடைவில் கட்டுங்கள். வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், மெமரி 5 முதல் 10 மடங்கு கூடும். 8 ஜிபி மெஷினில் விஎம்முக்கு 512 எம்பிக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஹிஸ்டரி_சைஸ் 7 என்று வையுங்கள், இல்லாவிட்டால் முந்தைய அணுகலின் ஸ்டாக் தொலைந்துவிடும். மூலநிரலின் டெஸ்ட்ஸ் அடைவில் உள்ள சப்ரெஷன் கோப்பையும் கொடுங்கள். தொடங்கியதுமே "அன்எக்ஸ்பெக்டட் மெமரி மேப்பிங்" என்று செத்தால் அது உங்கள் பிழை இல்லை: புதிய கர்னல்களில் முகவரிக் குலுக்கல் பிட்கள் 32 என்று இருக்கும். சிஸ்சிடிஎல்லில் விஎம்.எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸ் மதிப்பை 28 ஆக்கினால் ஓடும். அந்த மாற்றம் மெஷின் முழுமைக்கும் பொருந்தும், பாதுகாப்பையும் தளர்த்தும். வாடிக்கையாளர் விஎம் ஓடும் மெஷினில் செய்யாதீர்கள், சோதனை மெஷினிலும் வேலை முடிந்ததும் பழைய மதிப்புக்கே திருப்பிவிடுங்கள்.